கோயில்மேல் எரிந்த விளக்கு

முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நான் சொல்லிவந்த பிழை ஒன்றை இன்று திருத்திக்கொள்ள விழைகிறேன்.

மாமல்லபுரத்துக் குன்றில், மகிடாசுரமர்த்தினி குடைவரைக்கு நேர்மேலே ஒலக்கண்ணேசுவரர் கோயில் நிற்கிறது. அதனைப் ‘பல்லவர் கட்டிய கலங்கரை விளக்கம்’ என்றே கற்பித்துவந்தேன்.

அண்மையில், அருகிலுள்ள கலங்கரை விளக்கக் காட்சிச்சாலைக்குச் சென்றேன். சிறிய இடந்தான். பழைய விளக்குகளையும், சிதறும் ஒளியை ஒன்றுதிரட்டிக் கடலுக்கு அனுப்பும் கண்ணாடி வில்லைகளையும் கண்டேன். அங்கிருந்த ஊழியர் ஒருவர் வரலாற்றை எடுத்துரைத்தபோது என் பிழை விளங்கிற்று. 8-ஆம் நூற்றாண்டில் பல்லவர் எடுத்தது சிவாலயம். சிகரமிழந்த அதன் கூரைமீது கப்பல்களுக்கென விளக்கு அமைந்தது 1887-இல். 1904-இல் இன்றைய வட்டக் கற்கோபுரம் ஒளிதரத் தொடங்கவே, கோயிலின் அப்பணி முடிந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடம், விளக்கைத் தாங்கியது ஏறத்தாழப் பதினேழே ஆண்டு!

கலம் என்பது கப்பல். கரைதல் என்பது அழைத்தல். அழைக்கும் விளக்கு இடம் மாறி எரிந்தால் கலம் பாறையில் மோதும். ஆசிரியன் சொல்லும் அத்தகையதே. என்னிடம் பயின்றோர் இதனைக் கேட்பாராயின், தம் குறிப்பேட்டில் அவ்வரியைத் திருத்திக்கொள்வாராக.