கதவடைத்த ஞாயிறுகள்

லண்டனில் வசிக்கும் மைத்துனரின் குடும்பத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. திட்டமென்று பெரிதாக ஒன்றுமில்லை. தேம்ஸ் நதியின் தென்கரையிலுள்ள சதர்க் பகுதியில் ஒரு பழைய பப்பில் மதிய உணவு. பிறகு பாலத்தைக் கடந்து கால்போன போக்கில் நடை. எங்களோடு வந்திருந்த மாமியார்தான் முதலில் தயங்கினார். "சாராயக் கடைக்கா மாப்பிள்ளை, குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள்?" என்றார். மைத்துனரின் மகளுக்கு ஒன்பது வயது.

அவரது தயக்கத்தை நகைத்துத் தள்ள இயலாது. ஏனெனில் இங்கிலாந்தின் சட்டமே நெடுங்காலம் அவர் பக்கம்தான் இருந்தது. 1908ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்டோர் மது பரிமாறும் அறைக்குள் நுழைவதைத் தடுத்தது. குடும்பத்தோடு சென்று உண்ணும் இடமாகப் பப் முழுமையாக மாறியது அண்மைக் காலத்தில்தான்.

நாங்கள் சென்ற ஜார்ஜ் விடுதி, லண்டனில் எஞ்சியிருக்கும் ஒரே மாடக்கூட விடுதி. குதிரை வண்டிகள் வந்து நிற்க நடுவே ஒரு முற்றம். முற்றத்தை நோக்கியபடி மேல்தளங்களில் மரத்தாழ்வாரங்கள். நம்மூர்ச் சத்திரங்களை அறிந்தவர்க்கு இந்த அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. 1676இல் சதர்க்கைத் தின்ற தீயில் பழைய கட்டடம் அழிய, மறு ஆண்டே இது எழுப்பப்பட்டது. பிற்பாடு ரயில் நிறுவனமொன்று இதை வாங்கி, 1889இல் இரு பக்கங்களை இடித்துவிட்டது. இன்று நிற்பது தென்பக்கம் மட்டுமே. 1937 முதல் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பாதுகாப்பில் இருக்கிறது. சாசரின் யாத்திரிகர்கள் கேன்டர்பரிக்குப் புறப்பட்ட டபார்டு விடுதியும் பக்கத்துச் சந்தில்தான் இருந்தது. அது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இடிபட்டுப் போயிற்று.

முற்றத்தில் அமர்ந்தோம். ஞாயிற்றுக்கிழமைக்கே உரிய உணவு வந்தது: வாட்டிய இறைச்சி, உருளைக்கிழங்கு, காய்கள், யார்க்ஷயர் புட்டிங், எல்லாவற்றின் மேலும் ஊற்றிய குழம்பு. மாமியார் கோழி வாங்கிக்கொண்டார். காரம் இல்லை என்பதைத் தவிர அவருக்கு வேறு குறையில்லை. ஊரில் ஞாயிறென்றால் அவருக்கு அம்மியும் கறிக்குழம்பும்தான்; வாரத்தின் மிக நீண்ட சமையல் நாள் அது. அடுப்பை எட்டிப் பாராமல் அவர் உண்ட ஞாயிறுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இந்த வாட்டிய இறைச்சிக்குப் பின்னாலும் ஓர் அடுப்புக் கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஏழைக் குடும்பங்கள் பலவற்றில் இறைச்சி வாட்டுமளவு அடுப்பே கிடையாது. ஞாயிறு காலையில் இறைச்சித் தட்டைத் தெருமுனை ரொட்டிக்கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, அங்குள்ள பெரிய அடுப்பில் வேகவைத்து வாங்கி வருவார்கள். ஞாயிறு என்பது கடவுளின் நாள், அன்று எந்தக் கடையும் திறக்கலாகாது என்று வாதிட்டவர்களின் கண் இதன் மீதும் விழுந்தது. 1836இல் அவ்வாறானதொரு மசோதாவைத் தாக்கி, டிமதி ஸ்பார்க்ஸ் என்ற புனைபெயரில் ஓர் இளைஞர் சிறுநூல் வெளியிட்டார். சார்லஸ் டிக்கன்ஸ்தான் அவர். ஏழு ஆண்டுகள் கழித்து எழுதிய கிறிஸ்துமஸ் கதையிலும் கஞ்சன் ஸ்க்ரூஜின் வாய்வழியே இதே ரொட்டிக்கடைப் பிரச்சினையை எழுப்பினார். கோபம் அவ்வளவு ஆறாமல் இருந்திருக்கிறது.

கோபம் தெருவுக்கு வந்தது 1855இல். முந்தைய ஆண்டே ஒரு சட்டம் ஞாயிறு பிற்பகல் 2.30 முதல் 6 மணி வரை பப்களை மூட வைத்திருந்தது. இப்போது ராபர்ட் குரோவனர் பிரபு ஞாயிறு வணிகத்தையே தடுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். தொழிலாளர் பலருக்குச் சனிக்கிழமை இரவில்தான் கூலி கைக்கு வரும். ஞாயிறு காலையில் கடை இல்லையென்றால் அவர்கள் எப்போது வாங்குவது, எதை உண்பது? செல்வந்தர்க்கோ வீட்டில் சமையற்காரரும் வெளியே தனி மன்றங்களும் இருந்தன. அவற்றை எந்தச் சட்டமும் தொடவில்லை. ஜூன் 24 அன்று ஹைட் பூங்காவில் திரண்ட மக்கள், உலா வந்த கோச்சு வண்டிகளைப் பார்த்து "கோயிலுக்குப் போ!" என்று கூவினர். கூட்டத்தில் நின்ற கார்ல் மார்க்ஸ், இங்கிலாந்தின் புரட்சி நேற்றுத் தொடங்கிவிட்டதென மறுநாளே எழுதினார். புரட்சி வரவில்லை. அடுத்த ஞாயிறு காவலர் தடியடியோடு முடிந்தது. ஆனால் மசோதா திரும்பப் பெறப்பட்டது.

மசோதாவை ஆதரித்தோரெல்லாம் போலிப் பக்தர்கள் என்று நாம் கருதவில்லை. கடைச் சிப்பந்திக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்ற நியாயமும் அதனுள் இருந்தது. 1890இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர்க்கு நாராயண் மேகாஜி லோகண்டே பெற்றுத் தந்த ஞாயிறு விடுமுறையை எண்ணிப் பார்த்தால் அந்த நியாயத்தின் எடை புரியும். ஓய்வு தருவதும் கதவடைப்பதும் ஒரே சட்டத்தில் கலந்துவிட்டதுதான் சிக்கல்.

அந்தச் சிக்கல் எளிதில் அவிழவில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் ஞாயிறன்று மக்களுக்குத் திறந்தது 1896இல்தான். கடைகளை முழுவதுமாகத் திறந்துவிட 1986இல் தாட்சர் அரசு கொண்டுவந்த மசோதா, திருச்சபையும் தொழிற்சங்கமும் கைகோத்ததால் மக்களவையில் தோற்றது. அப்படியொரு கூட்டணியை மார்க்ஸும் எதிர்பார்த்திருக்க மாட்டார். பெரிய கடைகள் ஆறு மணி நேரம் திறக்க 1994இல் அனுமதி கிடைத்தது. பப்களின் ஞாயிறு பிற்பகல் கதவடைப்பு 1995இல் நீங்கியது. நாங்கள் எழுந்து கிளம்பும்போது மணி மூன்றரை. முன்னொரு காலமாயிருந்தால் எங்களை எப்போதோ வெளியேற்றியிருப்பார்கள்.

லண்டன் பாலத்தைக் கடந்து பழைய நகருக்குள் நடந்தோம். வங்கிகளும் அலுவலகங்களும் மூடிக் கிடக்க, தெருக்களில் எங்கள் காலடியோசையே பெரிதாகக் கேட்டது. 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயின் நினைவுத்தூண் 202 அடி உயரம். தீ தொடங்கிய ரொட்டிக்கடைக்கும் தூணுக்கும் இடையிலுள்ள தொலைவும் அதுவே. அத்தீ மூண்டது ஒரு ஞாயிறு விடியலுக்கு முன் என்று சொன்னதும், குழந்தை 311 படிகளையும் ஏற வேண்டுமென்றாள். மைத்துனர் ஏறினார், நாங்கள் ஏறவில்லை.

புனித பவுல் பேராலயத்தின் படிகளில் அமர்ந்தபோது மாமியார் பேத்தியிடம் கேட்டார்:

"நமக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைத்தாளே அந்தப் பொண்ணு, அவளுக்கு என்றைக்குக் கண்ணு லீவு?"

குழந்தை அதை முன்பே விசாரித்து வைத்திருந்தாள். "திங்கட்கிழமை, பாட்டி. ஆனா அன்னைக்கு அவங்க பையனுக்கு ஸ்கூல் இருக்காம்."

மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களை நீட்டிக்கொண்டார்.