சேத்தியாத்தோப்பும் சிதம்பரம் புகைவண்டி நிலையமும்

வெள்ளாற்று அணைக்கட்டால் பெயர்பெற்ற நம் சேத்தியாத்தோப்புக்குள் புகைவண்டி வருவதில்லை. வடக்கே வடலூர், கிழக்கே சிதம்பரம் என இரு நிலையங்களை நாடியே நாம் செல்கிறோம். எனினும், நம் மக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் சிதம்பரம் நிலையத்தை ஒதுக்கிவிட இயலாது.

தென்னிந்திய இரயில்வேயின் மீட்டர் பாதை 1870களின் பிற்பகுதியில் கடலூர், பரங்கிப்பேட்டை வழியே சிதம்பரத்தை எட்டியது. ஆட்சியாளர் அதனை அமைத்தது வாணிகத்திற்காகவும் நிருவாகத்திற்காகவுமே, நமக்காக அன்று. ஆயினும், பயணச்சீட்டு பிறப்பை வினவவில்லை. மூன்றாம் வகுப்புப் பலகையில் யாவரும் நெருங்கியே அமர வேண்டியிருந்தது. பொதுத் தெருக்களிலும் கிணறுகளிலும் நமக்கு உரிமையுண்டு என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தது 1924-இல் என்பதை இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். தெருவில் நடக்கும் உரிமை ஏட்டில் ஏறுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் முன்னரே, இருப்புப்பாதையில் செல்லும் உரிமை காசு கொடுத்தவர்க்கு வந்துவிட்டது!

ஆனால், வண்டி ஒன்றாயினும் உண்ணும் இடம் ஒன்றாகவில்லை. நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்க்கெனத் தனி இடம் இருந்தது. பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் தொடர்ந்து எதிர்த்ததன் பயனாக 1941-இல் அவ்வேற்றுமை ஒழிந்தது. சக்கரம் தானாகச் சமத்துவத்தைக் கொணராது; போராடியே பெறவேண்டும் என்பதற்கு இஃதொரு சான்று.

இதனை நன்குணர்ந்தவர் சுவாமி சகஜானந்தர். ஆரணிக்கு அருகே 1890-இல் பிறந்த அவர், சிதம்பரத்தைத் தம் பணிக்களமாகக் கொண்டு 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். சட்டமன்றத்திலும் நமக்காக வாதாடி 1959-இல் மறைந்தார். வண்டி உடலை ஊர்விட்டு ஊர் சேர்த்தது. அவர் எழுப்பிய பள்ளியோ தலைமுறைகளையே சேரியிலிருந்து கல்விக்கூடத்திற்குச் சேர்த்தது.

மூன்றாம் வகுப்பு 1974-இல் ஒழிந்தது. மீட்டர் பாதையும் அகன்று, 2010-இல் அகலப்பாதையில் வண்டிகள் ஓடத் தொடங்கின. பழைய தடம் மறையினும் அதன் பாடம் மறையலாகாது.

'நாளைப் போவேன்' என்று ஏங்கிய நந்தனாரைத் திருநாளைப்போவார் என்றனர். வண்டி நாளைக்கெனக் காத்திராது, காலமும் அவ்வாறே. வெள்ளிவிழாக் காணும் நம் சங்கத்தார் இனிச் செய்ய வேண்டுவது ஒன்றே: நம் பிள்ளைகளுள் ஒருவரும் பள்ளியை விட்டு நடுவழியில் இறங்காது காத்தல். அதனை இன்றே தொடங்குவோம்.