ஆடுகிறவரைத் தாங்குவது யார்?
மியூனிக் பாலே வரலாற்றை முன்வைத்துச் சில கேள்விகள்

புகலிட நாடுகளில் பல்கலாசாரம் என்ற சொல் அடிபடும் இடமெல்லாம் முதலில் மேடைக்கு அழைக்கப்படுவது நடனம். நகரசபையின் கோடைவிழாவில் எமது பிள்ளைகள் ஒரு தில்லானா ஆடுகிறார்கள். குர்தியர் கைகோர்த்து ஆடுகிறார்கள். கானா நாட்டவர் மேளம் அடிக்கிறார்கள். நகரபிதா கைதட்டுகிறார், உள்ளூர்ப் பத்திரிகையில் வண்ணப்படம் வருகிறது. அடுத்த நாள் காலை இந்தக் கலைஞர்களில் ஒருவர் உணவகத்தில் கோப்பை கழுவப் போகிறார். இன்னொருவர் விசா நீடிப்புக்காக வெளிநாட்டவர் அலுவலகத்தின் வரிசையில் நிற்கிறார். நடனத்துக்குக் கிடைத்த ஆதரவு நடனக்காரருக்குக் கிடைக்கவில்லை.

இந்த வேறுபாட்டை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது எனது அபிப்பிராயம். ஒரு கலையை ஆதரிக்க ஒரு மாலைப்பொழுது போதும். கலைஞரை ஆதரிக்கச் சம்பளம், பயிற்சிக்கூடம், வைத்தியம், வதிவிட உரிமை, ஆடமுடியாத வயதில் ஒரு பிழைப்பு என்று பலதும் வேண்டும். பல நாட்டவர் சேர்ந்தாடும் ஒரு பாலே குழுவைக் கட்டி வளர்த்த மியூனிக் நகரத்தின் வரலாறு இதை விளங்கிக்கொள்ள உதவும். அந்த வரலாற்றின் ஒரு மூலையில் எம்முடைய ஆட்களும் இருக்கிறார்கள்.

1

1998ல் பவேரிய அரச பாலே, பத்ரீஸ் பார்ட்டின் அமைப்பில், 'லா பயதேர்' என்ற பாலேயை மியூனிக்கில் மேடையேற்றியது. மரியஸ் பெத்திபா 1877ல் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் முதன்முதலாக அரங்கேற்றிய படைப்பு அது. அதன் நாயகி நிக்கியா, கோயிலில் ஆடும் ஒரு தேவதாசி. 'பயதேர்' என்பது நடனக்காரியைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் பிரெஞ்சு வடிவம். பெத்திபாவுக்கு எண்பது ஆண்டுகள் முன்பே, 1797ல், கேதே இந்தப் பெண்ணைத் தன் கவிதையொன்றின் நாயகியாக்கியிருந்தார்.

கற்பனையில் மட்டுமல்லாமல் நேரிலும் அவள் வந்தாள். 1838ல் புதுச்சேரிப் பக்கத்துக் கோயில் ஒன்றைச் சேர்ந்த ஐந்து ஆடுபவர்களையும் மூன்று இசைக்காரரையும் தார்திவேல் என்ற பிரெஞ்சுக்காரர் ஒப்பந்தம் செய்து கப்பலேற்றினார். பாரிசிலும் லண்டனிலும் அவர்கள் ஆடினார்கள். அவர்களில் அம்மணி என்ற பெண்ணைப் பற்றித் தெயோபில் கோத்தியே எழுதினார். சிற்பி ஒகுஸ்த் பார் அவளைச் சிலையாக வடித்தார். குழு போனபின் ஐரோப்பாவில் மிஞ்சியது அந்தச் சிலையும் பத்திரிகைக் கட்டுரைகளுந்தான். நாற்பது ஆண்டுகள் கழித்து வந்த பெத்திபாவின் பாலேயில் சதிராட்டத்தின் ஓர் அடவுகூட இல்லை. பெயரும் உடையும் எடுக்கப்பட்டன. ஆடியவள் தேவைப்படவில்லை.

ஜேர்மனியில் நிலைமை இன்னும் மோசம். 1880களில் கார்ல் ஹாகன்பெக் இலங்கையிலிருந்து யானைகளோடு ஆட்களையும் ஆட்டக்காரரையும் கொண்டுவந்து மிருகக்காட்சிச் சாலைகளில் வேலிக்குள் நிறுத்திக் காசு வாங்கிக் காட்டினார். மியூனிக்கின் ஒக்டோபர் விழாவும் இத்தகைய மனிதக் காட்சிகளுக்கு இடம் கொடுத்தது. 1910ல் அங்கே காட்டப்பட்டவர்கள் அன்றைய ஜேர்மன் குடியேற்ற நாடான சமோவாவின் மக்கள். பன்முகத்தன்மையை இரசிப்பதற்கு ஐரோப்பா எப்போதும் தயாராகவே இருந்திருக்கிறது என்பதற்காகவே இவற்றைச் சொல்கிறேன். இரசிப்பு மரியாதையாக மாறுவதற்கு வேறு ஏதோ தேவைப்பட்டிருக்கிறது.

2

அதே 1910ல் மியூனிக்கின் மேடைகளில் வேறொன்றும் நடந்தது. அசோவ் கடற்கரையின் மரியூபோலில் பிறந்த யூதரான அலெக்ஸாண்டர் ஸகாரொவ் அங்கே தனது முதல் நடன நிகழ்ச்சியை நடத்தினார். ஹங்கேரியில் பிறந்த ருடோல்ஃப் லாபான் அந்த ஆண்டுகளில் இந்நகரில் தங்கி வகுப்பெடுத்தார். மேரி விக்மன் அவரிடம் பயின்றார். நவீன ஜேர்மன் நடனம் என்று இன்று போற்றப்படுவதன் ஒரு வேர் இப்படி வெளியிலிருந்து வந்தவர்களால் ஊன்றப்பட்டது. 1924ல் டொரொத்தே குந்தரும் கார்ல் ஒர்ஃபும் நிறுவிய பள்ளியில் அது தொடர்ந்தது.

ஆனால் நாசிகள் வந்தபோது, ஆடுபவரைக் காக்கும் உரிமை எதுவும் இல்லாத இடத்தில் கலையின் பெருமை எவ்வளவு பயனற்றது என்பது தெரிந்துபோயிற்று. லாபான் பேர்லின் அரச ஒபராவின் பாலே பொறுப்பில் இருந்தபோதே, 1933ல், 'ஆரியரல்லாத' பிள்ளைகள் பயிற்சி வகுப்பிலிருந்து நீக்கப்பட்டனர். மூன்றாண்டு கழித்து, ஒலிம்பிக்குக்காக அவர் தயாரித்த படைப்பையே கெபெல்ஸ் தடைசெய்தார். பின்னர் அவரும் இங்கிலாந்துக்கு ஓடவேண்டியிருந்தது. பிறர் விலக்கப்படும்போது பதவியில் இருப்பவர் தனக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று நம்புவது எமக்கும் பழக்கமான கதைதான்.

போருக்குப் பின் மேற்கு ஜேர்மன் பாலேயை உயர்த்தியவர்களில் முக்கியமானவர் ஜோன் கிராங்கோ. தென்னாபிரிக்காவில் பிறந்தவர், தற்பாலுறவுக்காக லண்டனில் வழக்குக்கு ஆளானவர். 1961ல் ஸ்ருட்கார்ட் பாலேயைப் பொறுப்பேற்ற அவர், 1960களின் கடைசியில் சில ஆண்டுகள் மியூனிக் பாலேயையும் சேர்த்துக் கவனித்தார். ஸ்ருட்கார்ட்டில் அவரது முதன்மைக் கலைஞர்களாக இருந்தவர்கள் பிரேசில், அமெரிக்கா, டென்மார்க் என்று பல நாட்டவர். கிராங்கோ நடனங்களை மட்டும் ஆக்கவில்லை. பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதியோடு ஒரு பாலே பள்ளியையும் உருவாக்கினார். தகப்பனிடம் காசில்லாத பிள்ளையும் தூர ஊர்ப் பிள்ளையும் ஆடுவதற்கு ஒரு படுக்கையும் ஒரு நேரச் சாப்பாடும் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மியூனிக்கில் இந்த வேலையைச் செய்தவர் கொன்ஸ்ரான்ஸ வெர்னோன். ரஷ்யாவிலிருந்து பேர்லினுக்குப் புலம்பெயர்ந்த தத்யானா கிஸோவ்ஸ்கியின் மாணவி. அவரோடு இணைந்து ஆடிய ஹைன்ஸ் பொஸ்ல் 1975ல் புற்றுநோயால் 28 வயதில் இறந்தார். 1978ல் வெர்னோனும் அவரது கணவரும் பொஸ்லின் பெயரில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். இறந்த கலைஞருக்குச் சிலை வைக்காமல், ஆடக் கற்கும் இளையோருக்குப் புலமைப்பரிசிலும் பயிற்சியும் மேடை அனுபவமும் கொடுப்பது அதன் நோக்கம். ஒபராவின் ஒரு பிரிவாக, அதன் தேவைகளுக்கு அடங்கியே இருந்த பாலேயைத் தனி நிருவாகமும் தனி வரவுசெலவும் கொண்ட அரச பாலேயாக மாற்றுவதற்கும் வெர்னோனே போராடினார். 1980களின் இறுதியில் அது கைகூடியது. 2013ல் அவர் காலமானார்.

1998ல் அவருக்குப் பின் பொறுப்பேற்ற இவான் லிஷ்கா பிராக்கில் பிறந்தவர். சோவியத் படைகள் நுழைந்த மறு ஆண்டு, 1969ல், நாட்டைவிட்டு மேற்கு ஜேர்மனிக்கு வந்தவர். அகதியாக வந்த ஒருவர் பவேரிய அரச நிறுவனமொன்றைப் பதினெட்டு ஆண்டுகள் நடத்தினார். 2010ல் தொடங்கப்பட்ட இளையோர் பாலே குழுவுக்கும் வழிகாட்டினார். பல நாடுகளிலிருந்து வரும் அந்த இளையோர், பள்ளியை முடித்துப் பெரிய குழுவில் சேருவதற்கு இடைப்பட்ட ஆபத்தான காலத்தைக் கடக்க அது ஒரு பாலமாக இருக்கிறது. திறமையுள்ள பலர் உதிர்ந்துபோவது அந்த இடைவெளியில்தான்.

3

இதைக் கேட்டு, பாலே உலகம் சமத்துவபுரியாகிவிட்டது என்று எவரும் எண்ணவேண்டாம். ஜேர்மன் அரங்குகளில் ஆடுபவரின் ஒப்பந்தம் நீண்டகாலமாகவே பருவத்துக்குப் பருவம் புதுப்பிக்கப்படுவது. இயக்குநர் மாறினால் 'கலைக் காரணம்' என்று சொல்லிப் புதுப்பிக்காமல் விடலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவருக்கு ஒப்பந்தம் போனால் சம்பளத்தோடு வதிவிட அனுமதியும் ஆட்டம் காண்கிறது. ஒரே கூடத்தில் ஒரே பயிற்சி செய்யும் இருவரில் ஒருவர் வேலையை மட்டும் இழக்கிறார், மற்றவர் நாட்டையும் இழக்கிறார்.

நிறமும் இருக்கிறது. 2018ல் பேர்லின் அரச பாலேயில் சேர்ந்த க்ளோவே லோபெஸ் கோமெஸ் அங்கே ஆடிய முதல் கறுப்பினப் பெண். தன்னை வெள்ளைப் பூச்சுப் பூசும்படி வற்புறுத்தியதாகவும் இனவாதச் சொற்களால் இழிவுபடுத்தியதாகவும் ஒரு பயிற்றுநர்மீது 2020ல் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார். அவரது ஒப்பந்தம் நீடிக்கப்படாது என்று ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது. வழக்கு 2021ல் சமரசமாக முடிந்தது: ஒப்பந்தம் ஓராண்டு நீடிப்பு, 16,000 யூரோ நட்டஈடு. நிருவாகத்தின் மனம் தானாக இளகி இது கிடைக்கவில்லை. வழக்குப் போட ஒரு நீதிமன்றம் இருந்தது, துணை நிற்க ஆட்கள் இருந்தார்கள்.

நியூயோர்க்கில் ஆதர் மிச்செல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறு ஆண்டு, 1969ல், ஹார்லெம் நடன அரங்கைத் தொடங்கினார். பாலே கடைகளில் 'தோல் நிறம்' என்று விற்கப்பட்டது வெள்ளையரின் தோல் நிறம். 1970களில் அவரது குழு, ஒவ்வொருவரும் தத்தமது தோலுக்கு ஏற்பச் சாயமிட்ட காலுறையும் சப்பாத்தும் அணிவதை விதியாக்கியது. லண்டனின் புகழ்பெற்ற சப்பாத்துத் தயாரிப்பாளரான ஃபிரீட், கறுப்பினக் கலைஞரின் குழுவான பாலே பிளாக்குடன் சேர்ந்து பழுப்பு நிற நுனிச்சப்பாத்துகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது 2018ல்! அதுவரை சப்பாத்துக்கு முகப்பூச்சைப் பூசி நிறம் மாற்றும் செலவும் நேரமும் ஆடுபவரின் தலையில். இத்தனை புகழ்பெற்ற ஹார்லெம் குழுவே கடன் தாங்காமல் 2004ல் ஆட்டத்தை நிறுத்தியது. திரும்ப எழ 2012 வரை ஆயிற்று. நிலையான நிதி இல்லாத இடத்தில் புகழ் சோறு போடாது.

4

இனி எம்மிடம் வருவோம். 1980களில் ஜேர்மனிக்கு வந்த எமது சனத்தில் ஆடத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். 1982ன் அகதிச் சட்டம் விண்ணப்பித்தவரை ஒதுக்கப்பட்ட பிரதேசத்தைவிட்டு அனுமதியின்றி வெளியேறாமல் தடுத்தது. 1987ல் வேலைத் தடை ஐந்து ஆண்டுகளாக நீட்டப்பட்டது. பவேரியக் கிராமமொன்றின் அகதி விடுதியில் இருந்தவர் மியூனிக்கில் நடக்கும் ஒத்திகைக்குப் போக அதிகாரியிடம் தாள் வாங்கவேண்டும். இப்படியான சட்டத்தின் கீழ் எந்தக் கலைக்குழுவும் கட்டமுடியாது. எமது கலைகள் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்குள்ளும் கோயில் மண்டபத்துக்குள்ளும் ஒதுங்கியதற்கு இது ஒரு காரணம்.

முழுக்காரணமும் இதுவல்ல. எம்மிடையே நடனத்துக்கு ஓடும் பணம் கொஞ்சமல்ல. அரங்கேற்றமொன்றுக்கு மண்டபம், சேலை, நகை, வீடியோ, ஊரிலிருந்து பக்கவாத்தியம், இருநூறு பேருக்குச் சாப்பாடு. இதில் ஆடிய பிள்ளைக்கு அடுத்த ஆண்டும் ஆடுவதற்கான வழி எங்கே? பலருக்கு அரங்கேற்றமே கடைசி ஆட்டம். சொல்லிக் கொடுக்கும் ஆசிரியை பெரும்பாலும் தானும் அகதியாய் வந்த பெண். மாணவி நின்றால் வருமானம் நிற்கும். சுகவீனத்துக்குச் சம்பளமில்லை, ஓய்வூதியமில்லை. பல பிள்ளைகள் பயில்வது பாடசாலை மண்டபத்தின் வெறும் சீமெந்துத் தரையில். முழங்கால் போவது அங்கே.

இதற்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் ஆடிய சின்னமேளக்காரரை நாம் இரவெல்லாம் விழித்திருந்து பார்த்தோம், பகலில் இழித்துப் பேசினோம். தமிழ்நாட்டில் 1947ன் சட்டம் பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்தது. அந்த முறை ஒடுக்குமுறை, ஒழிக்கப்படவேண்டியதே. ஆனால் அதே காலத்தில் அவர்களது ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரில் உயர்சாதி வீடுகளுக்குப் போனது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற ருக்மிணி தேவி 1936ல் கலாக்ஷேத்திராவை நிறுவினார். (அவருக்கு நடன ஆசையை மூட்டியவர் ரஷ்யப் பாலே கலைஞர் அன்னா பாவ்லோவா என்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.) கலை காப்பாற்றப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அதைச் சுமந்த குடும்பங்களின் பெண்களில் மிகப்பலர் மேடையிலிருந்து மறைந்தார்கள். பெத்திபா செய்ததும் நாம் செய்ததும் ஒன்றேயல்ல. ஆனாலும் இரண்டிலும் ஆடியவள் வெளியே நிற்கிறாள்.

5

2022ல் உக்ரேனியக் கலைஞர்கள் ஓடிவந்தபோது ஐரோப்பிய ஒன்றியம் தற்காலிகப் பாதுகாப்பு நெறியைச் செயற்படுத்தி, நீண்ட விசாரணையின்றி வதிவிடமும் வேலை உரிமையும் கொடுத்தது. நெதர்லாந்தின் ஹேக் நகரில் பழைய இசைக் கல்லூரிக் கட்டடமொன்று அவர்களுக்குத் தங்குமிடமும் ஒத்திகைக் கூடமும் ஆனது. அதே ஆண்டு செப்டெம்பரில் அந்தக் குழு லண்டனில் 'ஜிசெல்' ஆடியது. அகதிகளால் அரைவருடத்தில் ஒரு பாலே குழுவைக் கட்டமுடியும், கதவு திறந்திருந்தால்! 1987ல் எமக்கும், 2015ல் மியூனிக் புகையிரத நிலையத்தில் வந்திறங்கிய சிரியருக்கும் அந்தக் கதவு இப்படித் திறக்கவில்லை என்பதைச் சொல்லாமல் விடமுடியாது. உக்ரேனியர்மீது பொறாமைப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்களுக்குக் கொடுக்கப்பட்டதை அளவுகோலாக வைத்து எல்லோருக்கும் கேட்கவேண்டும்.

அரசிடம் கேட்கும் அதே வாயால் எம்மிடமும் கேட்போம். எமது சங்கங்கள் ஆண்டுவிழா மண்டபச் செலவில் ஒரு பங்கை எடுத்து, காசில்லாத இரண்டு பிள்ளைகளின் பயிற்சிக்குக் கொடுக்கலாம். மேடையேறும் ஒவ்வொருவருக்கும், பொன்னாடைக்குப் பதிலாக, எழுத்திலான ஒப்பந்தமும் ஊதியமும் கொடுக்கலாம். ஆசிரியைகள் தமக்கென ஒரு கூட்டமைப்பை அமைத்துக் காப்புறுதியையும் நல்ல மரத்தரையையும் நகரசபையிடம் கோரலாம். குர்திய, ஆபிரிக்க, உக்ரேனிய ஆட்டக்காரருடன் ஒரே கூடத்தை வாடகைக்கு எடுத்துப் பகிரலாம். பலநாட்டவர் குழு என்பது அப்படித்தான் தொடங்கும். பாடப்புத்தகத்தில் நட்டுவனார்களின் பெயரோடு ஆடிய பெண்களின் பெயரையும் எழுதலாம்.

இவற்றில் எது நடைமுறைக்கு ஒத்துவராது, ஏன் ஒத்துவராது என்று சொல்லக்கூடியவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். குறிப்பாக, சொல்லிக் கொடுப்பவர்களும் ஆடி நிறுத்தியவர்களும். அவர்கள் எழுதவேண்டும்.