பேச்சு அச்சேறியபோது: கல்கத்தா திரைப்படக் கழகம், 1947

‘பதேர் பாஞ்சாலி’ 1955இல் வெளிவந்தது. ஆனால் அதை ஈன்ற உரையாடல் எட்டாண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

நாடு விடுதலை பெற்று இரு மாதங்கள்கூட நிறைவடையாத 1947 அக்டோபரில், சத்யஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா உள்ளிட்ட சிலர் கல்கத்தா திரைப்படக் கழகத்தை நிறுவினர். ராய்க்கு அப்போது வயது 26. பிரித்தானிய விளம்பர நிறுவனமொன்றில் ஓவியர். ஐசன்ஸ்டைனின் ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ கழகத்தின் முதல் திரையிடல். படம் பார்ப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. பார்த்ததைப் பகுத்துப் பேசுவதையே முதன்மையாகக் கொண்டனர்.

அப்பேச்சு அறையைவிட்டு வெளியேறியது 1948இல். இந்தியப் படங்களின் கோளாறு எது என்று வினவும் ராயின் ஆங்கிலக் கட்டுரையை ‘தி ஸ்டேட்ஸ்மேன்’ நாளிதழ் வெளியிட்டது. நம் படைப்பாளிகள் அமெரிக்கப் படங்களின் மேற்பூச்சைப் பின்பற்றுகின்றனர். திரைப்படத்தின் மூலப்பொருள் வாழ்க்கையே என்பதை மறந்துவிட்டனர் என்பது அதன் சாரம். ஒரு படம்கூட எடுத்திராத ஒருவரின் தீர்ப்பு, நாட்டின் முன்னணி நாளேடொன்றில் இடம்பெற்றது.

அடுத்த ஆண்டு ழான் ரெனுவார் ‘தி ரிவர்’ படத்துக்காகக் களம் தேடி வங்கம் வந்தார். ராய் அவருடன் சுற்றினார். 1952இல் நடந்த முதல் பன்னாட்டுத் திரைப்பட விழா, இத்தாலிய நவயதார்த்தப் படங்களை இந்தியப் பார்வையாளர் முன் வைத்தது. 1959இல் பல நகரக் கழகங்கள் கூட்டமைப்பாக இணைந்தபோது ராயே தலைவரானார்.

இவ்வெற்றிக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அக்கட்டுரை ஆங்கிலத்தில் வந்தது. 1951 கணக்கெடுப்பின்படி நாட்டின் எழுத்தறிவே ஏறத்தாழ 18 விழுக்காடுதான். எந்தப் படங்களை அது குறைகூறியதோ, அவற்றைக் காசு கொடுத்துப் பார்த்தவர்களுள் பெரும்பாலோர் அதைப் படித்திருக்க இயலாது. அவர்களுடைய சுவை பேசுபொருளாயிற்று; அவர்களோ பேசுவோராகவில்லை. பின்னாளில் வேரூன்றிய ‘கலைப்படம்’, ‘வணிகப்படம்’ என்னும் பிரிவினையின் ஒரு வேர் இங்கும் உள்ளது.

எனினும் கழகத்தின் பங்களிப்பு சிறிதன்று. திரைப்படத்தைக் கதையாக மட்டும் காணாமல், காட்சியும் ஒலியும் தொகுப்பும் கொண்ட தனி மொழியாகக் கருதும் பழக்கத்தை அது வளர்த்தது. அம்மொழியின் இலக்கணத்தை வகுக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வியை மட்டும் அது தீர்க்கவில்லை. திரைப்படம் பற்றிய பேச்சு பொதுவெளிக்கு வரும்போதெல்லாம் அக்கேள்வியும் உடன் வருகிறது.