கட்டடக் கலைஞரின் பக்கம்: சனாதனனின் தோம்பில் வீடும் உரிமையும்

ஓவியர் தா. சனாதனனின் ‘முற்றுப்பெறாத தோம்பு’ (2011) நூலைத் துயர நினைவின் ஆவணமாக வாசிக்கும் மரபொன்று நிலைபெற்றுவிட்டது. வட இலங்கையிலிருந்து இடம்பெயர்ந்த, தமிழ் பேசும் 80 பேர் இழந்த வீடுகளைப் பற்றிய நூல் அது. ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று வரைவுகள். வீட்டை இழந்தவர் நினைவிலிருந்து தம் கையால் கீறிய தளப்படம் முதலாவது. அதையே கட்டடக் கலைஞர் ஒருவர் தம் தொழில்முறைக்கேற்ப மீள வரைந்தது இரண்டாவது. சனாதனனின் உலர் பாஸ்டல் ஓவியம் மூன்றாவது. மரபான வாசிப்பு இம்மூன்றையும் ஏறுபடியாகக் காண்கிறது: முதலாவதில் உயிர் துடிக்கிறது, இரண்டாவதில் அது உறைந்துபோகிறது, மூன்றாவதில் கலை அதை மீட்கிறது. நடுவரைவு அரச நிர்வாகத்தின் சாயலைக் காட்டவே சேர்க்கப்பட்டது, ஓவியன் கடந்துசெல்ல வேண்டிய தடை அது என்பது முடிபு.

இம்முடிபு தவறு என்று கருதுகிறேன். நூலின் நடுவரைவே அதன் மிகத் துணிவான செயல். இடம்பெயர்ந்தோரை ஒரு சமூகமாகச் சேர்க்கும் பணியை ஓவியத்தைக் காட்டிலும் அதுவே செய்கிறது.

நடுவரைவை அரசின் தாளாகக் கொள்வதில்தான் பிழை தொடங்குகிறது. நிலம் பற்றி அரசு கையாளும் தாள்கள் எவை? காணி உறுதி, நில அளவைப் படம், வரிப் பதிவு. ஒல்லாந்தர் காலத்தில் தோம்பு எனும் காணிப் பதிவேடு. இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது எல்லை. கிழக்கில் யாருடைய காணி, வடக்கில் எந்த ஒழுங்கை, பரப்பு எத்தனை, உரித்தாளர் யார், அவர் செலுத்த வேண்டியது என்ன என்பவற்றையே அவை கேட்கும். குசினி எப்பக்கம் இருந்தது என்று எந்த உறுதியும் கேட்பதில்லை. கிணற்றடிக்கு எந்தக் கதவால் போனார்கள் என்பது நில அளவையாளருக்கு வேண்டாத செய்தி. சனாதனனின் நூலில் கட்டடக் கலைஞர் எடுத்துக்கொள்வதோ இந்த வேண்டாத செய்திகளைத்தான். அறை, வாசல், விறாந்தை, முற்றம் என்று வீட்டின் உட்புழக்கத்தை அவர் கோடாக்குகிறார். நூலின் பெயர் தோம்பு. உள்ளே இருப்பது தோம்பு ஒருபோதும் பதியாதது. பெயருக்கும் பொருளுக்கும் இடையிலான இந்த முரணை, நிர்வாகத்தைப் போலச் செய்து காட்டும் உத்தி என்று மட்டும் விளக்கிவிட முடியாது.

அப்படியானால் அத்தாள் எவ்வகைப்பட்டது? யாழ்ப்பாணத்தில் வீடு கட்ட நினைப்பவர் முதலில் செய்வது பிளான் கீறுவிப்பது. பிளான் இன்னும் எழாத வீட்டுக்குரியது. அதைக் கீறுவிப்பவர் கட்டடக் கலைஞரிடம் உரிமையோடு பேசுகிறார்: இந்த அறை பெரிதாக வேண்டும், குசினிக்குத் தனி வாசல் வேண்டும். கட்டடக் கலைஞர் கேட்டு எழுதிக்கொள்கிறார். சனாதனனின் நூலில் இந்த உறவு அப்படியே இருக்கிறது. காலம் மட்டும் திரும்பியிருக்கிறது. இழந்த வீட்டுக்கு, இழந்தபின், பிளான் கீறப்படுகிறது. இடம்பெயர்ந்தவர் நிவாரணப் பட்டியலில் ஓர் எண்ணாகவோ, விசாரணைக் குழுவின் முன் சாட்சியாகவோ, ஆய்வாளரின் தகவலாளியாகவோ இருந்து பழகியவர். நடுவரைவில் அவர் வீட்டுக்காரர். அவர் சொன்னதை வேறொருவர் தம் தொழிற்திறன் முழுவதையும் செலவிட்டு வரைகிறார். சுவர் எங்கே இருந்தது என்பதற்கு அவருடைய கைவரைவே ஆதாரம்.

இதன் கனத்தை அறிய அக்காலத்துக் காணிச் சட்டத்தை நினைவில் கொள்ள வேண்டும். 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, உரித்தாளருக்கு எதிராக 10 ஆண்டுகள் இடையறாது காணியை ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். திரும்பி வர இயலாதிருந்தவருக்கு இந்தக் கடிகாரம் நிற்கவில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளத்தில் தங்கினர். நூல் வெளிவந்தபோது அவர்களுக்கு இரண்டு பத்தாண்டுகள் கடந்திருந்தன. வலிகாமம் வடக்கு உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் தம் வீடுகள் அகப்பட்ட தமிழருக்கும் ஏறத்தாழ அவ்வளவு காலமே. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயல்களால் தம் காணி உரிமையை நிலைநாட்ட முடியாது போனவர்களுக்கென விசேட ஏற்பாடு வந்தது 2016இல்தான். 2011இல் ஒருவர் இழந்த வீட்டின் அறைகளை நினைவிலிருந்து கீறியதை ஏக்கமாக மட்டும் வாசிக்கும்போது, அவர் அதே வேளை ஒரு கோரிக்கையையும் வைக்கிறார் என்பது கண்ணில் படாமல் போகிறது. அந்த வரைவுக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை என்பது உண்மை. ஆயினும் அதைக் கீறியவர் என் வீடு என்று சொல்லுவதை நிறுத்தவில்லை.

கட்டடக் கலைஞரின் கை வளைந்த சுவரை நேராக்கிவிட்டது, நினைவு பெரிதாக்கிய கிணற்றைச் சுருக்கிவிட்டது என்பர். நேராக்கியதுதான், மூலமும் அதே நூலில் இருக்கிறது, விரும்பியவர் ஒப்பிடலாம். கலைநூல் காட்சிக்கூடத்துக்குப் போகுமே தவிரக் காணிக் கந்தோருக்குப் போகாது என்பது இன்னொரு மறுப்பு. அது விநியோகத்தின் குறை. வடிவத்தைப் பற்றி அது எதையும் நிறுவவில்லை.

சேர்ந்து வாழும் சமூகத்தைக் கலை எவ்வாறு உருவாக்கும் என்ற கேள்விக்கு இன்றைய ஆய்வுலகம் பெரும்பாலும் பங்கேற்பையே விடையாகத் தருகிறது: எத்தனை பேர் கூடினர், எத்தனை பேர் தூரிகை பிடித்தனர். இந்த அளவுகோலால் தோம்பை அளந்தால் அது சிறியது. 80 பேரும் ஒரு மண்டபத்தில் கூடிக் கைகோத்துவிடவில்லை. அவர்களிடையே பகையின் வரலாறும் உண்டு. தமிழர் தரப்பு ஆயுதத்தால் வெளியேற்றப்பட்ட முஸ்லிமும், அரசபடையின் குண்டுவீச்சால் ஓடிய தமிழரும் ஒரே நூலில் அடுத்தடுத்து வருகின்றனர். அவர்களை இணக்கப்படுத்தும் உரை எதையும் சனாதனன் சேர்த்து எழுதவில்லை. ஒரு விதியை மட்டும் வைத்தார். யாராயினும் மூன்று வரைவுகள், அதே ஒழுங்கில். ஒல்லாந்தரின் தோம்பு மனிதரை நிலத்தின் அளவாலும் அவர் இறுக்க வேண்டிய இறையாலும் ஊழியத்தாலும் வரிசைப்படுத்தியது. இங்கே நாற்சார் வீடும் இரண்டறை வீடும் ஒரே கவனத்தைப் பெறும். இந்தச் சமன், கூட்டத்தால் வந்ததைவிட வடிவமைப்பால் வந்தது என்பதே என் வாதத்தின் மையம். ஒருவரோடொருவர் பேச இன்னும் ஆயத்தமில்லாதவர்களையும் வடிவமைப்பு ஒரே விதியின் கீழ் அமர்த்தக்கூடும். போருக்குப் பிந்திய இரண்டே ஆண்டுகளில் அதற்குமேல் கேட்பது நியாயமும் ஆகாது.

போர்நிறுத்தக் காலத்தில், 2004இல், மீளக் கட்டப்பட்ட யாழ் பொது நூலகத்தில் சனாதனன் அமைத்த காட்சியை இத்துடன் ஒப்பிடலாம். வீடுகளிலிருந்து திரட்டிய பொருள்களை அங்கே அவர் வைத்தார். கையில் எடுத்து வர முடிந்தவற்றின் வரலாறு அது. எடுத்து வர முடியாததன் வரலாற்றுக்கு ஏழு ஆண்டுகள் கழித்துப் பிளான் தேவைப்பட்டது.

கவனத்தோடு எதிர்கொள்ள வேண்டிய மறுப்பு ஒன்று மீதமிருக்கிறது. வீட்டின் தளப்படத்தை அடிப்படையாகக் கொள்ளும் நூல் காணி உள்ளவர்களின் நூலாகிவிடாதா? யாழ்ப்பாணத்தில் காணி சாதியோடு பிணைந்தது. தலைமுறைகளாகப் பிறர் வளவில் குடியிருந்தவர்களிடம் காட்ட உறுதி ஏது? 80 வீடுகளில் இவர்களுக்குக் கிடைத்த இடம் போதுமா என்பதை வரைவுகளை மட்டும் வைத்து நிறுவ இயலாது. தளப்படம் சாதியைச் சொல்லாது. ஆயினும் இந்த மறுப்பு எழும் புள்ளியிலேயே நடுவரைவு தன் வலுவைக் காட்டுகிறது. உறுதியும் அளவைப் படமும் கேட்கும் உரித்தை அது கேட்கவில்லை. பிறர் காணியில் ஓலைக்குடில் போட்டிருந்தவரும் தம் அடுப்படி எங்கே இருந்தது, படுத்த இடம் எது, வாசல் எத்திசை என்று கீறலாம். கட்டடக் கலைஞர் அதையும் பிளானாக்க வேண்டும், அதே கோட்டில், அதே கவனத்தோடு. வாழ்ந்த இடம் என்ற ஒன்றே இங்கு தகுதி. சட்டத்தின் காணிப் பதிவேடுகளில் பெயரே வராத இவர்கள் நுழைவதற்கு இந்நூலில் இருக்கும் வாசல் அதுதான். நடுவரைவைத் தடையென்று ஒதுக்குவோர் அந்த வாசலையே அடைக்கின்றனர்.