உக்கிராணத்துச் சாவி

தங்கச்சிக்கு இடம் அமைஞ்சிடுச்சுன்னு அப்பா போன் பண்ணினப்ப நான் ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு இருந்தேன். சந்தோஷத்துல வாய் சும்மா இருக்காம, "கவலைப்படாதீங்கப்பா, வெட்டிங் பிளானர்கிட்ட விட்டுடலாம்"னு சொல்லித் தொலைச்சேன். எதிர்முனையில கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஏல, நம்ம வீட்டுக் கல்யாணத்துல ஊரான் நின்னு வாங்கன்னு கூப்பிடணுமோ? உங்க தாத்தா 1979ல உங்க சின்னத்தை கல்யாணத்தை எந்தக் காண்ட்ராக்டரை வச்சு நடத்துனாவ?"

அந்த வார இறுதியிலேயே திருநெல்வேலிக்கு பஸ் ஏறிட்டேன். சமாதானம் பேசத்தான் போனேன். ஆனா பரண்ல இருந்த தாத்தாவோட கல்யாணக் கணக்கு நோட்டு கையில சிக்கினதும் சரித்திர ஆராய்ச்சி ஆரம்பிச்சிடுச்சு. கொஞ்சம் பொறுத்துக்கோங்க மக்களே :-)

"நாமளே எல்லாம் செஞ்சோம்"ங்கிறது எவ்வளவு தூரம் உண்மை?

அகநானூறுல 86, 136 ரெண்டு பாட்டுலயும் கல்யாணம் வருது. 86வது பாட்டுல பந்தல் போட்டு, புது மணல் பரப்பி, விளக்கேத்தி, உளுந்து சேர்த்த சோறு ஆக்கிப் போடுறாங்க. புரோகிதர் கிடையாது. பிள்ளை பெத்த நாலு பெண்கள் வாழ்த்தி மணப்பெண்ணை நீராட்டுறாங்க. அதாவது பிராஜக்ட் மேனேஜர்கள் வீட்டுப் பெரிய பொம்பளைங்கதான். சிலப்பதிகாரத்துக்கு வந்தா கதை மாறுது. புகார் நகரத்துப் பெரிய வணிகர்கள் மாநாய்கனும் மாசாத்துவானும் கண்ணகி, கோவலன் கல்யாணச் சேதியை ஊருக்குச் சொல்ல, நகை போட்ட பெண்களை யானை மேல ஏத்தி அனுப்புறாங்க. காசு இருந்தா அவுட்சோர்சிங் அப்பவே இருந்திருக்கு.

நிற்க. தாத்தா நோட்டுக்கு வருவோம். பிள்ளையார் சுழிக்குக் கீழே தவசிப்பிள்ளை கூலி (எங்க பக்கம் கல்யாண சமையல்காரருக்கு அதான் பேரு), பந்தல், மேளம், வாடகைப் பாத்திரம், பெட்ரோமாக்ஸ் 6. கடைசிப் பக்கத்துல சின்ன எழுத்துல வண்ணாருக்கு நெல் 3 மரக்கால், வேட்டி 1. நாவிதருக்கும் அதே.

அந்தக் கடைசிப் பக்கத்துலதான் நான் நின்னுட்டேன். நம்ம கிராமங்கள்ல சேதி கொண்டு போறது, தீவட்டி பிடிக்கிறது, மாத்துத் துணி விரிக்கிறதுன்னு கல்யாண வேலைகள் சாதிக்கு இவ்வளவுன்னு பிரிச்சு விடப்பட்டிருந்துச்சு. கூலி நெல்லா வந்துச்சு. மாட்டேன்னு சொல்ற உரிமை மட்டும் அவங்களுக்குக் கிடையாது. ஆக, நாமளே செஞ்சோம்னு பெருமையா சொல்றதுல பாதி வேலையை மறுக்க முடியாதவங்க செஞ்சாங்க. மீதியைப் பொம்பளைங்க செஞ்சாங்க.

இந்தக் கட்டுமானத்தைக் கேள்வி கேட்டதுல சுயமரியாதைத் திருமணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1928ல அருப்புக்கோட்டை பக்கத்துல சுக்கிலநத்தத்துல பெரியார் தலைமையில முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்துச்சு. 1967ல அண்ணா ஆட்சியில சட்டத்திருத்தம் வந்து சட்டப்படி செல்லும்னு ஆச்சு. சடங்கு குறைஞ்சா நேரமும் குறையும், ஆளும் குறையும். இன்னொரு பக்கம் டவுனுக்குப் போனவங்களுக்கு வீட்டு வாசல்ல பந்தல் போட இடமில்லை, பத்து நாள் லீவு போட்டு வர்ற சொந்தமும் இல்லை. கல்யாண மண்டபம் வந்துச்சு. நாள் கணக்குல நடந்த கல்யாணம் ஒன்றரை நாளாச்சு.

என்னைக் கேட்டா, நிஜமான மாற்றம் மண்டபம் இல்லை, சமையல் காண்ட்ராக்ட்தான். முன்னாடி தவசிப்பிள்ளை சாமான் லிஸ்ட் கொடுப்பாரு. அரிசி, பருப்பு, தேங்காய் எல்லாம் நாம வாங்கணும். அவருக்கு உழைப்புக்கு மட்டும் கூலி. அப்புறம் 'இலைக்கு இவ்வளவு'ன்னு வந்துச்சு. நம்ம பாஷையில சொன்னா டைம் அண்ட் மெட்டீரியல்ல இருந்து ஃபிக்சட் பிரைஸுக்கு மாறிட்டோம். சாமான் குறைஞ்சா, கெட்டா, களவு போனா யார் தலையில விழும்ங்கிறதுதான் ரெண்டுக்கும் வித்தியாசம். இலைக்கணக்கை நீட்டி, பந்தல், பூ, மேளம், போட்டோ எல்லாத்தையும் ஒரே ஆள் தலையில ஏத்தினா அவருக்குப் பேர்தான் வெட்டிங் பிளானர்.

பழைய முறையில அந்தச் சுமை யார் தலையில இருந்துச்சு? இதுக்குப் பதில் நோட்டுல இல்லை. பக்கத்துல வெத்தலை இடிச்சுக்கிட்டு இருந்த பெரியத்தைதான் சொன்னாங்க. கல்யாணச் சாமான் எல்லாம் பூட்டி வைக்கிற அறைக்குப் பேரு உக்கிராணம்.

"கூடப்பொறந்தவ கல்யாணம்ல. உக்கிராணத்துச் சாவி எங்கிட்ட. தேங்காய எடு, எண்ணெய எடுன்னு ஆளு மாத்தி ஆளு வந்துக்கிட்டே இருந்தாவ. கெட்டிமேளம் கேட்டுச்சு. உள்ள நின்னே கையெடுத்துக் கும்பிட்டேன். தாலி கட்டுனத நான் பாக்கல."

குறையா எல்லாம் சொல்லலை. மழை பெஞ்சுதுன்னு சொல்ற மாதிரி சொல்லிட்டு வெத்தலையை வாயில போட்டுக்கிட்டாங்க. அப்பாவுக்கு அப்ப 15 வயசு. அவருக்கே இது புதுசு. அன்னைக்கு ராத்திரி அவரு சரியா சாப்பிடலை. காலையில காபி குடிச்சுக்கிட்டே, "எத்தன பேர விசாரிச்சு வச்சிருக்க?"ன்னாரு.

மூணு பேரைப் பார்த்தோம். முதல் ஆள் லேப்டாப் திறந்து தீம், கலர்னு நாப்பது ஸ்லைடு காட்டினாரு. மறுவீட்டுக்குச் சொதி உண்டான்னு அம்மா கேட்டதுக்கு, அப்படின்னா என்னன்னு கேட்டாரு. நெல்லைக்காரங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை! ரெண்டாவது ஆள் எல்லாம் பேக்கேஜ்னாரு. எதுக்கு எவ்வளவுன்னு பிரிச்சுக் காட்டச் சொன்னா, "நம்புங்க சார்"னாரு.

மூணாவது ஆள் பாளையங்கோட்டைக்காரர், சமையல் காண்ட்ராக்ட்ல இருந்து வந்தவர். அவர்தான் எங்களைக் கேள்வி கேட்டாரு. "800 பேரு. சாப்பாட்டு ஹால்ல 200 இலை. நாலு பந்தி, பந்திக்கு 40 நிமிஷம்னா 160 நிமிஷம். கடைசிப் பந்தி வரைக்கும் நிக்கிறவங்களை எங்க உக்கார வைப்பீங்க?" ஆபீஸ்ல கெப்பாசிட்டி பிளானிங்னு நான் ரெண்டு நாள் பண்ற வேலையை மனுஷன் வெத்தலை போடுற நேரத்துல முடிச்சிட்டாரு.

ஆள் குறைஞ்சா என்ன கணக்குன்னு நான் கேட்டேன். 2020 ஊரடங்குல கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல கூடாதுன்னு வந்தப்ப, கொடுத்த அட்வான்சுக்கு எத்தனை வீட்டுல சண்டை! நாலு நாள் முன்னாடி சொன்னா நூறு இலை வரைக்கும் குறைச்சுக்கலாம்னு எழுதியே கொடுத்தாரு. கிளம்பும்போது, "எல்லாம் நான் பாத்துக்கிடுதேன். வாசல்ல சந்தனம் குடுக்கவும், பந்தியில கேட்டு விசாரிக்கவும் உங்க வீட்டு ஆளுதான் நிக்கணும். அதுக்கு நான் ஆள் தர மாட்டேன்"னாரு. அப்பா உடனே அட்வான்ஸ் எடுத்துக் கொடுத்துட்டாரு.

கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. குறையே இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். மறுவீட்டுல இஞ்சிப் பச்சடி ரெண்டாவது பந்திக்கே தீர்ந்துபோச்சு. சொதிக்கு இஞ்சிப் பச்சடி இல்லாம எப்படின்னு சித்தப்பா இன்னும் சொல்லிக் காட்டுறாரு. ஆனா கெட்டிமேளம் கொட்டினப்ப பெரியத்தை முதல் வரிசை நாற்காலியில, கையில அட்சதையோட இருந்தாங்க. உக்கிராணத்துச் சாவி காண்ட்ராக்டர் பையன் இடுப்புல இருந்துச்சு. அப்பா பந்தியில இலை இலையா நின்னு, "சாப்பாடு எப்படி, கூச்சப்படாம கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு.

உங்க வீட்டுப் பழைய கல்யாணத்துல அந்தச் சாவி யார்கிட்ட இருந்துச்சு? கேட்டுப் பாருங்க. அவங்க தாலி கட்டினதைப் பார்த்தாங்களான்னும் கேளுங்க.