கருவண்டின் சாட்சி

போன வருஷம் சித்திரையில் அம்மா வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினாள். எங்கள் வீட்டுத் திண்ணையில், யாரோ கடலைமாவைக் கொட்டிவிட்டுப் போனதுபோல ஒரு சின்னக் குவியல். கீழே ஒரே வரி: “திரும்பவும் வந்துட்டு.”

வந்தது கருவண்டு. அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். புத்தகத்தில் எழுதுகிறவர்கள் தச்சன் தேனீ என்கிறார்கள். கன்னங்கரேலென்று தடித்த உடம்பு. வெயில் பட்டால் சிறகில் நீலமும் ஊதாவும் ஓடும். குவியலாகக் கிடந்தது மரத்தூள். தாத்தா கட்டிய ஓட்டு வீட்டின் முன் உத்திரத்திலிருந்து கொட்டியது.

அந்த வார இறுதியில் ஊருக்குப் போனேன். ஏணி போட்டு ஏறி எண்ணினால் பதினொரு துளைகள். ஒவ்வொன்றும் டிரில் போட்டதுபோல் சுத்தமான வட்டம். ஹார்டுவேர் கடையில் மரத்துக்கு வைக்கிற பட்டி வாங்கிவந்து பதினொன்றையும் அடைத்தேன். என் தொழிலில் இதுதான் பழக்கம்: பிழை எங்கே தெரிகிறதோ அங்கே ஒரு பேட்ச் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது. அன்று ராத்திரி திண்ணையில் படுத்திருந்தபோது போன் வைப்ரேட் ஆவதுபோல ஒரு சத்தம். தலையணைக்கு அடியில் தடவிப் பார்த்தேன். போன் உள்ளறையில் சார்ஜில் கிடந்தது. சத்தம் உத்திரத்துக்குள்ளிருந்து வந்தது.

நான் அடைத்தபோது அவை உள்ளே இருந்திருக்கின்றன. எழுந்து போய் ஒரு துளையையாவது திறந்துவிட்டிருக்கலாம். திறக்கவில்லை. மறுநாள் பஸ் ஏறிவிட்டேன்.

பத்து நாள் கழித்து அம்மா போனில் சொன்னாள்: “நீ அடைச்ச ஓட்டைக்குப் பக்கத்துலயே புதுசா குடைஞ்சு வெளிய வந்துட்டுய்யா.” அண்ணன் வேறு மாதிரி யோசித்தான். “வண்டு முடிக்கிறதுக்குள்ள நாமளே இடிச்சிட்டு கான்கிரீட் போட்டுருவோம்டே. அம்மா ஒத்தைல இருக்கா. மேல விழுந்து தொலைச்சா என்ன செய்வே?” அப்பா இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. பொங்கலுக்குள் முடிவு எடுத்தாக வேண்டும் என்றான். வீட்டை இடிக்க அவனுக்கு வண்டு ஒரு காரணம். எனக்கோ அது குற்றவாளி. அதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

*

வண்டு துளைத்த கதை என்றால் நம் ஆட்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கர்ணனின் தொடை. பரசுராமர் அவன் மடியில் தலைவைத்துத் தூங்குகிறார். வண்டு துளைக்கிறது. குருவின் தூக்கம் கலையக்கூடாதென்று கர்ணன் அசையவில்லை. ரத்தம் பட்டு அவர் விழிக்கிறார். இவ்வளவு வலியைப் பொறுப்பவன் அந்தணனாக இருக்க முடியாது என்று கண்டுபிடித்துச் சாபம் கொடுக்கிறார். நாம் கேட்டு வளர்ந்த கதையில் அந்த வண்டு இந்திரன். வியாச பாரதத்தின் சாந்தி பர்வத்தில் அது வண்டே இல்லை. அலர்க்கம் என்று பெயர், எட்டுக் கால்கள், கூரிய பல், உடம்பெல்லாம் ஊசிபோல் மயிர். தமிழில் கதை சொன்னவர்கள் அதை வண்டாக மாற்றியதற்கு, வீட்டு உத்திரத்தில் தினமும் பார்த்த துளைகள்தான் காரணமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அந்தக் கதையில் வண்டு இரண்டு வேலை செய்கிறது. தொடையைத் துளைக்கிறது. மறைத்து வைத்திருந்த ஓர் உண்மையை வெளியே கொண்டுவருகிறது. நமக்கு முதல் வேலை மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

சங்கக் கவிஞர்கள் இந்த இனத்தோடு வேறு மாதிரிப் பழகியிருக்கிறார்கள். இன்று நாம் தட்டான் என்று புரிந்துகொள்ளும் ‘தும்பி’ அவர்களுக்கு வண்டினத்தில் ஒன்று. நக்கீரர், தருமி கதையால் எல்லோருக்கும் தெரிந்த குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில், தலைவன் சாட்சிக்கு அழைப்பது ஒரு தும்பியைத்தான்.

*

வண்டின் வேலையை விரிவாக எழுதிவைத்தவர்களில் ஒருவர் பிரான்சின் ரெயோமூர். வெப்பமானிக்கு ஓர் அளவுமுறை தந்தவர். குளவி மரத்தை மென்று கூடு கட்டுவதைப் பார்த்துவிட்டு, மனிதர்களும் மரத்திலிருந்து காகிதம் செய்யலாமே என்று 1719இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் வைத்தவர். பூச்சிகளைப் பற்றி 1734 முதல் 1742 வரை ஆறு தொகுதிகள் வெளியிட்டார். ஆறாவது தொகுதியில் மரம் துளைக்கும் தேனீ வருகிறது. பிறகு 1802இல் லத்ரேய் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் இந்தப் பேரினத்துக்கு ‘சைலோகோபா’ என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் மரம் வெட்டுபவர்.

நான் தெரிந்துகொண்ட முதல் விஷயம், அது மரத்தைத் தின்பதில்லை. தாடையால் சுரண்டித் தூளை வெளியே தள்ளுகிறது. துளை கொஞ்ச தூரம் நேராக உள்ளே போய், பிறகு மரத்தின் ரேகை ஓடும் திசையில் திரும்புகிறது. ஓர் அங்குலம் குடைய அமெரிக்க இனம் ஒன்று ஐந்தாறு நாள் எடுத்துக்கொள்கிறது. சுரங்கத்தின் கடைசியில் மகரந்தமும் தேனும் பிசைந்த ஓர் உருண்டை, அதன்மேல் ஒரே ஒரு முட்டை. பூச்சி முட்டைகளிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று அது. மரத்தூளைக் குழைத்து ஒரு தடுப்புச்சுவர். பிறகு அடுத்த உருண்டை, அடுத்த முட்டை. ஒரே சுரங்கத்தைப் பின்னால் வரும் தலைமுறைகளும் எடுத்துக்கொண்டு நீட்டும். முகத்துக்கு நேரே வந்து நின்று பயமுறுத்துவது ஆண். அதற்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணுக்கு உண்டு, ஆனால் கையில் பிடித்து நசுக்கினாலொழிய அநேகமாகக் கொட்டாது.

நான் அடைத்தது பதினொரு பிரசவ அறைகளை.

*

இலங்கையில் 1845 முதல் 1850 வரை காலனியச் செயலாளராக இருந்தவர் ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட். 1861இல் இலங்கையின் இயற்கை வரலாறு பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். கண்டியில் தன் அரசு இல்லத்தின் ஜன்னலிலிருந்து தச்சன் தேனீக்களைப் பார்த்ததை அதில் எழுதுகிறார். வெயில் ஏறியதும் அவை வராந்தாவைத் தாங்கும் மரத்தூண்களுக்கு வந்துவிடும். ஊதாச் சிறகில் அந்தரத்தில் நின்றபடி துளைக்க ஆரம்பிக்கும்போது தூரத்துக்குக் கேட்கும் ரீங்காரம். உடம்பு உள்ளே போனதும் சத்தம் நின்றுவிடும். தூளைத் தள்ள வாசலுக்கு வரும்போது திரும்பக் கேட்கும். தூணின் அடியில் மரத்தூள் மேடு வளர்ந்துகொண்டே போகும். தன் வீட்டுத் தூணை ஒரு பூச்சி குடைகிறது என்ற எரிச்சல் அந்த எழுத்தில் இல்லை. வியப்புதான் இருக்கிறது. படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆனால் தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. டென்னன்ட் பதவியில் இருந்தபோதுதான், 1848இல், துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி என்று வந்தது. சாலை போட வருஷத்துக்கு ஆறு நாள் உழைக்க வேண்டும், முடியாவிட்டால் பணம் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. ஜூலை கடைசியில் மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. புரன் அப்பு ஆகஸ்ட் 8 அன்று கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொங்காலேகொட பண்டாவை மலாக்காவுக்கு நாடு கடத்தினார்கள். லண்டன் நாடாளுமன்றம் விசாரித்தது. ஆளுநர் டோரிங்டன் பதவி இழந்தார், டென்னன்ட்டும் திரும்ப அழைக்கப்பட்டார்.

தூணுக்கு அடியில் விழுந்த தூளை அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த கண், தன் அரசாங்கம் சனங்களின் வாழ்க்கையைக் குடைந்ததைக் காணவில்லை. அரசாங்கத்தை ஆட்டியது ரீங்காரம் போட்டு வந்த பூச்சி இல்லை. காகிதத்தில் சத்தமில்லாமல் வந்த வரிகள்.

*

ஆவணியில் அம்மா ஆசாரியை வரச் சொல்லியிருந்தாள். அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிறவர். உளியைத் திருப்பிப் பிடித்து, அதன் கைப்பிடியால் உத்திரத்தை ஒவ்வொரு சாணாகத் தட்டிக்கொண்டே போனார். கணீர் கணீரென்று வந்த சத்தம் சுவருக்குள் போகும் முனையில் ‘தொப்’பென்றது. உளியை வைத்து அழுத்தினார். கேக்கில் இறங்குவதுபோல இறங்கியது.

“இது வண்டு வேலை இல்ல தம்பி. மேல பாருங்க.”

மேலே ஓர் ஓடு விரிசல் விட்டிருந்தது. எத்தனையோ மழைக்காலத் தண்ணீர் அந்த வழியாக உத்திரத்தின் முனைக்கு இறங்கியிருக்கிறது. ஈரத்துக்குப் பின்னால் சுவர் வழியாகக் கறையானும் ஏறியிருக்கிறது.

“அப்ப வண்டு போட்ட ஓட்டை, அண்ணாச்சி?”

“அதனால நாளைக்கே உத்திரம் விழுந்துராது. அப்படியே விட்டா வருசக்கணக்குல பொந்தாக்கிரும், அது வேற. வண்டு ஏன் இங்க வந்துன்னு பாத்தீங்களா? பெயிண்ட் அடிச்ச நிலைல ஒரு ஓட்டை இருக்கா? சன்னல்ல இருக்கா? எண்ணெய் பூசி எத்தனை வருசமாச்சு இதுக்கு?”

நான் பதில் சொல்லவில்லை. அவரே என்னைக் கதவுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். சுவரில் பென்சிலால் அப்பாவின் கையெழுத்து: 2011, 2013, 2015, 2017, 2019. ஒவ்வொரு வருஷத்துக்கும் பக்கத்தில் ‘எண்ணெய்’ என்று ஒரு சொல். ஐப்பசி மழைக்கு முன்னால் முந்திரி ஓட்டெண்ணெய் வாங்கிவந்து அப்பா தானே ஏணி ஏறிப் பூசுவார். அந்த வாடை பிடிக்காமல் நாங்கள் இரண்டு பேரும் தெருவுக்கு ஓடிவிடுவோம். 2019க்குக் கீழே சுவர் வெறுமையாக இருந்தது.

மர வீடுகள் நிறைந்த அமெரிக்காவில் இந்தத் தேனீயைப் பற்றி வீட்டுக்காரர்களுக்குச் சொல்லும் அறிவுரையின் சாரமும் ஆசாரி சொன்னதுதான். பைன், சீடர் போன்ற மென்மரத்தை, அதிலும் பூச்சு போய் வெளிறிய மரத்தை அது தேடி வரும். நல்ல பெயிண்ட் அடித்த மரத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். உள்ளே இருக்கும் புழுக்களைத் தேடி மரங்கொத்தி வந்து கொத்தும்போதுதான் சேதம் பெரிதாகும். துளையை அடைக்கலாம், ஆனால் உள்ளே இருப்பவை வெளியேறிய பிறகு. காட்டில் பட்டுப்போன கிளை அதற்கு வீடு. பட்டையைச் சீவி, உலர்த்தி, நேராக்கி நாம் உயரத்தில் வைத்திருக்கும் உத்திரமும் அதன் கணக்கில் பட்டுப்போன கிளைதான். நம் பக்கத்துச் சரக்கொன்றைக்கும் எருக்குக்கும் துவரைக்கும் கத்தரிக்கும் மகரந்தம் சுமப்பது இதே இனம். அதை ஒழித்துவிட்டுக் கொல்லையில் கத்தரி காய்க்கவில்லையே என்று அம்மா வருத்தப்படுவாள்.

மழைக்கு முன்னால் வேலை தொடங்கியது. ஓட்டை மாற்றி, உத்திரத்தின் கெட்ட முனையை வெட்டி வேறு மரம் இணைத்தார்கள். நடமாட்டம் இருந்த துளைகளில் காகிதத்தை லேசாகச் செருகி வைத்தோம். தள்ளிவிட்டிருந்தால் ஆள் இருக்கிறது. பல நாள் அசையாமல் கிடந்த துளையில் மட்டும் ஆசாரி மரமுளை அடித்தார். இரண்டு துளைகளில் காகிதம் விழுந்துகொண்டே இருந்தது. அவற்றை விட்டுவிட்டோம்.

நான் வைத்த பட்டியை ஆசாரி உளியால் பெயர்த்தபோது மூன்று கருவண்டுகள் கீழே விழுந்தன. காய்ந்து, எடையே இல்லாமல். ஒன்றின் கால் ரோமத்தில் மகரந்தம் இன்னும் மஞ்சளாக ஒட்டியிருந்தது. ஆசாரி ஒன்றும் சொல்லாமல் கையால் ஒதுக்கிவிட்டு அடுத்த துளைக்குப் போனார். நான் பொறுக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் போட்டேன்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். உத்திரத்தை அவனும் தட்டிப் பார்த்தான். வெட்டிப்போட்ட முனையைக் கையில் எடுத்து நசுக்கினான், மாவாக உதிர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து, “அப்பா இருந்திருந்தா அந்த ஓட்டை அன்னைக்கே மாத்திருப்பா” என்றான். இடிக்கிற பேச்சை அன்று அவன் எடுக்கவில்லை. பொங்கலுக்கும் எடுக்கவில்லை. இனிமேல் எடுக்கமாட்டான் என்றும் நான் நினைக்கவில்லை.

சாயங்காலம் இரண்டு பேருமாக எண்ணெய் பூசினோம். வாடை அப்படியே இருந்தது. கதவுக்குப் பின்னால் 2024 என்று எழுதிவிட்டுப் பென்சிலை அண்ணனிடம் கொடுத்தேன். அவன் அதற்குக் கீழே 2026 என்று எழுதி, பக்கத்தில் தன் பெயரைப் போட்டான்.